நானூறு கிலோமீட்டரும் நான்கு அடியும்

மாணவ நண்பர்களே! முதலில் ஒரு கணக்கு. பேனாவையும் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராமம். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு 3 கிலோமீட்டர். நடந்துதான் போக வேண்டும். அங்கிருந்து பெரிய மருத்துவமனை இருக்கும் நகரம் 45 கிலோமீட்டர். நோயாளி மாதம் ஒருமுறை அங்கே போய் மருத்துவரைப் பார்த்து மாத்திரை வாங்கி வர வேண்டும். தனியே போக முடியாது. துணைக்குத் தாய் வர வேண்டும். அவர் வயல் வேலைக்குப் போகிறவர். வேலைக்குப் போகாத நாளில் கூலி இல்லை. ஓராண்டில் அவர்கள் கடக்கும் தூரம் எவ்வளவு? வாங்கும் பயணச்சீட்டுகள் எத்தனை? இழக்கும் கூலி எத்தனை நாளுக்கு?

போட்டுவிட்டீர்களா? போக 48, வர 48, ஆக 96 கிலோமீட்டர். 12 மாதங்களுக்கு 1,152 கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கே ஏறத்தாழ 700 கிலோமீட்டர்தான்! பயணச்சீட்டுகள் 48. இழந்த கூலி 12 நாள்.

இது பாடப்புத்தகத்தில் இருந்து எடுத்த கணக்கு அன்று. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இயற்பியல் படித்த ஒரு மாணவரின் தாய் எனக்குச் சொன்ன கணக்கு.

காற்றில் இல்லாத ஒலி

அந்த மாணவர் செய்முறை வகுப்பில் கெட்டிக்காரர். நியூட்டன் வளையங்களை நுண்ணோக்கியில் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துவதில் அவருக்கு நிகர் இல்லை. இரண்டாம் ஆண்டின் நடுவில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டார். விசாரித்தபோது, யாரோ தன்னைப் பற்றி ஏளனமாகப் பேசுவது காதில் விழுந்துகொண்டே இருக்கிறது என்று சொல்லி, வீட்டின் உள்ளறையிலேயே இருக்கிறார் என்று தெரிந்தது. வீட்டார் எங்கெங்கோ அழைத்துப் போனார்கள். மருத்துவமனைக்கு வந்து சேர ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

ஒலி என்பது காற்றில் பரவும் அதிர்வு என்று நான்தான் அவருக்குப் பாடம் நடத்தியிருந்தேன். அதிர்வே இல்லாமல் ஒலி கேட்குமா? கேட்கும். அதைப் புரிந்துகொள்ள மூளைக்குள் கொஞ்சம் எட்டிப்பார்க்க வேண்டும்.

நம் மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு சின்னஞ்சிறு மின்கலம் போன்றது. ஓய்வில் இருக்கும்போது அதன் உட்புறத்துக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே ஒரு வோல்ட்டில் பதினான்கில் ஒரு பங்கு அளவுக்கு, அதாவது சுமார் 70 மில்லிவோல்ட், மின்னழுத்த வேறுபாடு இருக்கிறது. செய்தி செல்லும்போது இந்த அழுத்தம் நொடிப்பொழுதில் புரண்டு மின்துடிப்பாக ஓடுகிறது. ஒரு நரம்பணு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் மிகச் சிறிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைப் பெரும்பாலும் வேதிப்பொருள்கள் கடக்கின்றன. அவற்றுள் ஒன்று டோபமைன்.

வெளியே பேசும் ஒலி செவியில் புகுந்து, மின்துடிப்பாக மாறி, மூளையின் கேட்கும் பகுதிக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நமக்கு 'கேட்கிறது'. மனச்சிதைவு என்னும் நோயில் வெளியே ஒலியலை எதுவும் இல்லாதபோதும், பேச்சோடும் கேள்வியோடும் தொடர்புடைய மூளைப் பகுதிகள் கிளர்ச்சி அடைகின்றன. மூளையைப் படமெடுக்கும் கருவிகள் இதைக் காட்டியுள்ளன. ஆகவே அந்த மாணவர் பொய் சொல்லவில்லை. நடிக்கவும் இல்லை. அவருக்கு உண்மையிலேயே கேட்டது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலக மக்களில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவருக்கு இந்நோய் உள்ளது. பெரும்பாலும் பதின்வயதின் முடிவிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. 1952-ல் பாரிஸ் நகர மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்து இதற்குப் பயன்படுவதைக் கண்டார்கள். இன்று அதைவிட நல்ல மருந்துகள் பல உள்ளன. அவை டோபமைன் வழியாகச் செல்லும் செய்தியை மட்டுப்படுத்துகின்றன. ஆனால் இடைவிடாமல் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி.

என் மாணவருக்கும் மருந்து பலன் தந்தது. ஆறாவது மாதம் நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன். "மாத்திரை கசக்கல சார், பஸ்ஸுதான் கசக்குது" என்றார் அவருடைய தாய். அப்போது சொன்னதுதான் மேலே உள்ள கணக்கு.

நோய் வேறு, குறைபாடு வேறு

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். மனநோய் என்பது இடையில் வருவது. பெரும்பாலும் மருத்துவத்தால் தணிவது. மனச்சோர்வு, மனச்சிதைவு முதலியவை இவ்வகை. வளர்ச்சிக் குறைபாடு என்பது பிறப்பிலோ குழந்தைப் பருவத்திலோ தொடங்கி, மூளை வளரும் பாதையையே மாற்றுவது. அறிவுத்திறன் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம் ஆகியவை இவ்வகை. இவற்றை மாத்திரை கொடுத்துப் போக்க முடியாது. பயிற்சியாலும் துணைக்கருவிகளாலும், சுற்றியுள்ளோர் தம்மை மாற்றிக்கொள்வதாலும் அந்தக் குழந்தையின் வாழ்வை வளமாக்க முடியும்.

இரண்டும் வேறுவேறு. ஆனால் இரண்டுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அது தூரம்.

நாடு முழுவதற்குமான தேசிய மனநல ஆய்வு ஒன்று 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனம் அதை நடத்தியது. வயது வந்தோரில் 100-க்குப் பத்துப் பேருக்குச் சற்றே கூடுதலானவர்களுக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தது. அவர்களுள், கோளாறின் வகைக்கேற்ப, 100-க்கு 70 முதல் 92 பேர் மருத்துவம் பெறவில்லை. மருந்து கண்டுபிடித்து அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நிலை!

தொலைவில் வைத்த காலம்

பழங்காலத்தில் இந்தத் தூரத்தை வேண்டுமென்றே வைத்தார்கள். சென்னையில் 1794-ல் தொடங்கிய மனநோயர் விடுதி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. அக்காலத்தில் கீழ்ப்பாக்கம் நகரத்தின் ஒதுக்குப்புறம். நோயாளியை ஊரை விட்டு விலக்கி, உயர்ந்த மதிலுக்குள் வைப்பதே உலகெங்கும் வழக்கமாக இருந்தது.

அந்த மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். அப்பதவியை வகித்த முதல் பெண்மணி. நோயாளி குணமடைந்து வீடு திரும்பினால் மட்டும் போதாது, அவர் மீண்டும் வேலை செய்து ஊரோடு வாழ வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். ஓய்வுக்குப் பின் 1984-ல் 'ஸ்கார்ஃப்' என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி அறக்கட்டளையை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். லாப நோக்கமற்ற அந்த நிறுவனம் இன்றும் சென்னையில் இயங்கிவருகிறது. அவர் 2021-ல் தமது 98-ஆம் வயதில் மறைந்தார்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 1982-ல் தேசிய மனநலத் திட்டமும், 1996-ல் மாவட்ட மனநலத் திட்டமும் தொடங்கின. ஆயினும் தூரம் என்ன செய்யும் என்பதை நாடு ஒரு கொடிய விடியலில் கண்டது. 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கூரைக் கொட்டகையில் தீப்பிடித்தது. அவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். எங்கெங்கிருந்தோ குடும்பத்தார் கொண்டுவந்து விட்டுச் சென்றவர்கள் அவர்கள். பக்கத்திலேயே மருத்துவம் கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் தம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள் என்று எண்ணிப்பாருங்கள்.

2017-ல் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையையும் அவருக்குத் தருகிறது.

சக்கரத்தில் ஏறிய மருத்துவமனை

நோயாளி 1,152 கிலோமீட்டர் போவதற்குப் பதிலாக, மருத்துவர் வந்தால் என்ன? நல்ல யோசனைதான். ஆனால் ஒவ்வொரு கிராமத்துக்கும் அனுப்பும் அளவுக்கு மனநல மருத்துவர்கள் நாட்டில் இல்லை. 2010-ல் ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறொரு வழியைக் கையாண்டது.

ஒரு பேருந்து. அதற்குள் ஒரு சிறிய ஆலோசனை அறை. அதில் ஒரு திரை. இன்னொரு பக்கம் மருந்தகம். பேருந்து கிராமத்துக்கு வந்து நிற்கும். நோயாளி ஏறி உட்கார்ந்தால், சென்னையில் உள்ள மனநல மருத்துவர் திரையில் தோன்றிப் பேசுவார். அவர் எழுதும் மருந்துகளைப் பேருந்திலேயே கொடுத்துவிடுவார்கள்.

சென்னைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஒளி வெற்றிடத்தில் நொடிக்கு 3 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். கண்ணாடி இழைக்குள் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். மருத்துவரின் குரல் ஒளியிழை வழியே போவதாகக் கொண்டால், 400-ஐ 2 இலட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு நொடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கு! நடுவிலுள்ள கருவிகள் கொஞ்சம் தாமதம் சேர்க்கும், அவ்வளவுதான். மனநல மருத்துவத்துக்கு இது மிகவும் பொருந்தும். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்க வேண்டிய தேவை இங்கே குறைவு. முகத்தைப் பார்ப்பதும், பேச்சைக் கேட்பதும், கேள்வி கேட்பதுமே பெரும்பகுதி.

ஆகா, இயற்பியல் தூரத்தை வென்றுவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். உடனே என் மாணவர் நினைவுக்கு வந்தார். பேருந்து ஊர் நடுவில் நிற்கிறது, சரி. அவர் இருப்பது வீட்டின் உள்ளறையில். அங்கிருந்து வாசற்படிக்கு நான்கு அடி. அந்த நான்கு அடியை அவர் எப்படிக் கடப்பார்?

கடைசி நான்கு அடி

அதைக் கடக்கக் கம்பியோ ஒளியிழையோ உதவாது. யாராவது நடந்து உள்ளே போக வேண்டும்.

இதை முறையாகச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. தமிழ்நாடு, கோவா, மகாராஷ்டிரத்தின் சதாரா ஆகிய மூன்று இடங்களில் மனச்சிதைவு நோயாளிகள் 282 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். தமிழ்நாட்டுப் பகுதியை நடத்தியது ஸ்கார்ஃப். குலுக்கல் முறைபோலத் தற்செயலாகப் பிரித்து, 95 பேருக்கு வழக்கமான மருத்துவமனை மருத்துவம் மட்டும் தந்தார்கள். மற்ற 187 பேருக்கு அதே மருத்துவத்தோடு, சமூகநலப் பணியாளர் வீட்டுக்கு வந்து உதவும் ஏற்பாட்டையும் செய்தார்கள்.

அந்தப் பணியாளர்கள் மருத்துவர்களோ செவிலியர்களோ அல்லர். குறைந்தது பத்தாண்டுப் பள்ளிப்படிப்பும், பழகும் பண்பும் உடைய உள்ளூர் மக்கள். சில வாரப் பயிற்சி பெற்றவர்கள். மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது, நோய் திரும்புவதற்கான அறிகுறிகள் யாவை என்று குடும்பத்தாரிடம் எடுத்துச் சொல்வார்கள். குளிப்பது, கடைக்குப் போவது, வேலைக்குத் திரும்புவது என்று ஒவ்வொரு படியாக நோயாளியோடு கூட இருப்பார்கள்.

சரியாக ஓராண்டு முடிந்ததும் இரு குழுக்களையும் ஒப்பிட்டார்கள். 2014-ல் 'லான்செட்' என்ற மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. வீட்டுக்கு வந்து உதவிய குழுவில் நோயின் அறிகுறிகளும், அன்றாட வாழ்வில் ஏற்படும் இயலாமையும் கூடுதலாகக் குறைந்திருந்தன. வேறுபாடு பெரிதன்று, சிறிதுதான். அறிகுறிகள் 100-க்கு 20 பங்குக்கு மேல் குறைந்தவர்களின் விகிதத்தைப் பார்த்தால் இரு குழுக்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. இதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அறிவியலின் நேர்மை அதுதான், நண்பர்களே! மருத்துவ வசதி அருகிய இடங்களில், எடுத்துக்காட்டாகக் கிராமப்புறங்களில், இந்த முறையைத் தொடக்க ஏற்பாடாக அமைப்பது மிகவும் பொருத்தம் என்பது அவர்கள் கண்ட முடிவு. மற்ற வசதிகள் இல்லாத இடத்தில் ஒரு மனிதர் படியேறி வருவது அவ்வளவு மதிப்புள்ளது.

ஆய்க்குடியில் ஒரு நாற்காலி

இனி வளர்ச்சிக் குறைபாட்டுக்கு வருவோம். தென்காசி அருகே ஆய்க்குடி என்ற ஊர் உள்ளது. எஸ். இராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975-ல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துத் தண்டுவடம் முறிந்து, கைகால் இயக்கத்தை இழந்தார். உலக ஊனமுற்றோர் ஆண்டாகக் கொண்டாடப்பட்ட 1981-ல் அவர் தம் ஊரான ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். அதன் பணியாளர்களும் கிராமம் கிராமமாக வீடுகளுக்கே செல்கிறார்கள். குழந்தையின் முன்னேற்றத்தைக் கையடக்கக் கருவியில் பதிவு செய்கிறார்கள். தூரத்திலுள்ள வல்லுநர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள். பயிற்சியைக் கற்றுக்கொண்டு நாள்தோறும் செய்பவர் பெரும்பாலும் தாயே.

இங்கே காலம் மிக முக்கியம். முதல் சில ஆண்டுகளில் மூளை மிக வேகமாகப் புதிய இணைப்புகளை உண்டாக்குகிறது. குழந்தை நான்கு மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்துக்குள் தானே உட்கார வேண்டும். ஒன்றரை வயதுக்குள் நடக்க வேண்டும். தாமதம் கண்டால் 'தானே சரியாகும்' என்று காத்திராமல் உடனே காட்ட வேண்டும்.

பயிற்சியில் நீங்கள் படிக்கும் இயற்பியல் எப்படி வருகிறது, பாருங்கள். ஒரு பொருளின் புவியீர்ப்பு மையத்திலிருந்து வரையும் செங்குத்துக் கோடு அதன் அடித்தளத்துக்குள் விழும்வரை அது சாயாது. நாம் உட்காரும்போது முதுகுத் தசைகள் இக்கோட்டை ஓயாமல் சரிசெய்துகொண்டே இருக்கின்றன. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சாய்ந்துவிடும். விழாமல் இருப்பதற்காக இரு கைகளையும் தரையில் ஊன்றிக்கொள்ளும். கைகள் ஊன்றுகோலானால் விளையாட எதுவும் மிச்சம் இல்லை!

சுவரின் மூலை போல இரு பலகைகளைச் செங்கோணத்தில் சேர்த்து, அதற்குள் குழந்தையை உட்கார வைக்கும் எளிய நாற்காலி ஒன்று உண்டு. பின்புறமும் இரு பக்கங்களும் தாங்கிக்கொள்ளும். கைகள் விடுதலை பெறும். குழந்தை கிலுகிலுப்பையைப் பிடிக்கும், ஆட்டும், வாயில் வைக்கும். ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் மூளை ஒரு பாடம் கற்கிறது. உள்ளூர்த் தச்சர் செய்துவிடக் கூடிய நாற்காலி அது.

உங்கள் பள்ளியில்

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உங்கள் பள்ளியின் வாசற்படிகளுக்குப் போங்கள். படிகளின் மொத்த உயரத்தை அளந்து எழுதுங்கள். பக்கத்தில் சாய்தளம் இருந்தால் அதன் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். உயரத்தைப்போல் 12 மடங்கு நீளம் இருக்க வேண்டும் என்பது விதி. மூன்று படிகள் 45 சென்டிமீட்டர் என்றால் சாய்தளம் 5 மீட்டர் 40 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியும் அதில் இருப்பவரும் சேர்ந்து 48 கிலோகிராம் என்று கொள்வோம். உராய்வை நீக்கிப் பார்த்தால், அச்சாய்தளத்தில் தள்ளுவதற்குத் தேவையான விசை 4 கிலோகிராம் எடையைத் தூக்கும் விசைதான். நீளம் குறைந்து சரிவு கூடினால் இந்த விசை ஏறிவிடும். உங்கள் பள்ளியின் சாய்தளம் கணக்குக்கு உட்படுகிறதா? இல்லையென்றால், கணக்கைத் தாளில் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். எண்களோடு சொல்லும் பேச்சுக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாவது வேலைக்கு அளவு நாடா வேண்டாம். வகுப்பில் ஒருவர் திடீரென்று பேசுவதைக் குறைத்துக்கொண்டால், தூங்காமலும் சாப்பிடாமலும் இருந்தால், யாரோ தன்னைப் பேசுவதாக அஞ்சினால், கேலிப்பெயர் வைக்காதீர்கள். அவர் பெஞ்சுக்கும் உங்கள் பெஞ்சுக்கும் இடையே நான்கு அடிதான். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடம் சொல்லுங்கள். 2022-ல் தொடங்கிய 'டெலி மானஸ்' என்ற அரசின் தொலைபேசிச் சேவையும் உண்டு. 14416 என்ற எண்ணைக் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம். உங்களுக்கே அப்படி ஒரு துன்பம் வந்தாலும் தயங்காமல் அழையுங்கள்.

என் மாணவர் பிறகு மீண்டும் மருந்து தொடங்கி, திரும்பி வந்து, பட்டத் தேர்வை எழுதி முடித்தார். ஆனால் மூன்று ஆண்டுகள் போய்விட்டன. அவற்றில் எத்தனை மாதங்கள் நோயால் போயின, எத்தனை மாதங்கள் தூரத்தால் போயின என்று நான் இன்றும் கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு. அந்த நாட்களில் நானும் ஒருமுறைகூட அவர் வீட்டுப் படியேறவில்லை என்பதும் அந்தக் கணக்கில் சேரும்.